கேட்ட அப்பாவும் சொன்ன பிள்ளையும்: சுவாமிமலை நமக்குச் சொல்றது என்ன?

முருகா சரணம்!



கொஞ்ச நாள் முன்னாடி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. பிள்ளைகளோட தினமும் அரை மணி நேரம் மனசு விட்டுப் பேசுங்க, அவங்க தன்னம்பிக்கை வளரும், மார்க் தானா ஏறும்னு போட்டு, கீழே ஒரு ரோஜாப்பூ. பெரியப்பா, அத்தை, சித்தி எல்லோரும் கும்பிடு போட்டாங்க. நானும் போட்டேன். நல்ல விஷயம்தானே?

ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம் ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அரை மணி நேரம் பேசியும் மார்க் ஏறலைன்னா? பேசுறதை நிறுத்திடலாமா?

விளையாட்டுக்குக் கேக்கலை. பிள்ளை மேல காட்டுற அன்பு, அவன் மார்க் வாங்குறதுக்கான ஒரு வழியா? இல்ல மார்க் என்னவா இருந்தாலும் அவனுக்குச் சேர வேண்டியதா? இதுக்குப் பதில் எனக்கு எங்க ஊர் முருகன்கிட்ட இருந்துதான் கிடைச்சுது. எங்க ஊர் சுவாமிமலை பக்கத்துல ஒரு கிராமம். அப்பா விவசாயி. மூணு ஏக்கர் நிலம், குறுவையும் தாளடியும். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். இதை எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, ஒரு பிள்ளையா இருந்த அனுபவம் மட்டும்தான். கல்யாணம்கூட ஆகலை. தப்பா ஏதாவது எழுதியிருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும்.

புகார் வந்த நாள்

சுவாமிமலை கதை நம்ம எல்லோருக்கும் தெரியும். அறுபடை வீட்டுல நாலாவது. திருமுருகாற்றுப்படையில நக்கீரர் ஏரகம்னு சொன்ன ஊர். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவை முருகன் சிறையில போட்டார். படைப்புத் தொழில் நின்னு போச்சு. சிவபெருமான் வந்தார். பிள்ளையையே குருவா ஏத்துக்கிட்டு உபதேசம் கேட்டார். அதனால அவர் சுவாமிநாதன், தகப்பன்சாமி.

இந்தக் கதையை வீட்டுல எப்படிச் சொல்வாங்க? "பாத்தியா, முருகன் எவ்வளவு புத்திசாலி! அப்பாவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தான். நீயும் அப்படி வரணும்." சின்ன வயசுல நானும் அப்படித்தான் கேட்டேன். முருகன்தான் ஃபர்ஸ்ட் ரேங்க், கதை முடிஞ்சுது.

இப்போ கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. சிவபெருமான் அங்க எதுக்கு வந்தார்? பிள்ளையைப் பாராட்டவா வந்தார்? இல்லையே. புகார் மேல வந்தார். உங்க பையன் பெரியவர் ஒருத்தரைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டான், உலகமே ஸ்தம்பிச்சுப் போச்சுன்னு தேவர்கள் எல்லாம் வந்து முறையிட்டதால வந்தார். நம்ம பாஷையில சொன்னா, ஸ்கூல்ல இருந்து பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வரச் சொன்ன நாள் அது!

அப்படி ஒரு நாள்ல நம்ம வீட்டுல என்ன நடக்கும்? முதல்ல நாலு திட்டு. அப்புறம் "அவங்க எவ்வளவு பெரியவங்க, நீ யாருடா?" அப்புறம்தான், அதுவும் இருந்தா, "என்னதான் நடந்துச்சு?"

சிவபெருமான் பிரம்மாவை விடச் சொன்னார், சரி. ஆனா அதோட கிளம்பிடலை. "உனக்கு அந்தப் பொருள் தெரியுமா?"னு கேட்டார். தெரியும்னா சொல்லுன்னார். கேக்குற மாதிரி கேட்டாத்தான் சொல்வேன்னு பிள்ளை சொன்னப்போ, திமிர் பாருன்னு கோபப்படலை. கைகட்டி, வாய் பொத்தி, கீழே இறங்கி நின்னார். காலண்டர்ல பார்த்திருப்பீங்களே, அந்த நிலை.

சர்வக்ஞனுக்குப் பிரணவத்துக்குப் பொருள் தெரியாதா? தெரியும்னுதான் பெரியவங்க சொல்வாங்க. தெரிஞ்சும் ஏன் கேட்டார்? என் சின்ன அறிவுக்கு எட்டின பதில் இது: பிள்ளை என்ன நினைக்குறான், அதை எப்படிச் சொல்றான்னு அவருக்குக் கேக்கணும்னு இருந்துச்சு. அந்த ஆசையைத்தான் நான் நெருக்கம்னு நினைக்கிறேன். முருகனோட புத்திசாலித்தனம் அந்தக் கதையில பாதிதான். மீதிப் பாதி, கேட்ட அப்பா.

அதே வீட்டுல இன்னொரு நாள்

இதே குடும்பத்துல நடந்த இன்னொரு கதையையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். மாம்பழம்.

உலகத்தை முதல்ல யார் சுத்தி வராங்களோ அவங்களுக்குப் பழம். பெரிய பிள்ளை அம்மா அப்பாவைச் சுத்திட்டு வாங்கிட்டார். சின்னவர் மயில் மேல உலகத்தையே நிஜமா சுத்திட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து பார்த்தா பழம் போயிருந்துச்சு. விநாயகப் பெருமான் மேல எந்தத் தப்பும் இல்லை. தீர்ப்பும் சரிதான். எல்லாம் சரியா இருந்தும் சின்னப் பிள்ளை வீட்டை விட்டுப் போயிட்டார்.

ஒரே அம்மா, ஒரே அப்பா, அதே பிள்ளை. போட்டி வெச்ச அன்னைக்குப் பிள்ளை மலையேறிட்டான். காது கொடுத்த அன்னைக்கு அந்தப் பிள்ளையே குருவா நின்னான். தெய்வத்துக்குள்ள எல்லாம் திருவிளையாடல். பாடம் நமக்குத்தான்.

பழநியில அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பின்னாடியே போய் "பழம் நீயே"ன்னு சொன்னாங்களாம். அதனாலதான் ஊருக்குப் பழநின்னு பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. அடுத்த தடவை ஜெயிச்சிடலாம்னு சொல்லலை. அண்ணனைப் பாத்துக் கத்துக்கோன்னும் சொல்லலை. நீ பரிசு வாங்க வேண்டியவன் இல்லடா, நீயே பரிசுன்னு சொன்னாங்க. சுயமரியாதை, தன்னம்பிக்கைன்னு இன்னைக்குப் புத்தகம் புத்தகமா எழுதுறாங்க. நம்ம ஊர்ல அது ஒரு ஊர்ப் பெயருக்குள்ளயே இருக்கு.

ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு திண்ணை

இது புராணம், நிஜ வாழ்க்கைக்கு ஒத்து வருமான்னு கேக்குறவங்களுக்கு, சுவாமிமலையில இருந்து ஏழெட்டு கிலோமீட்டர்ல ஒரு வீடு இருக்கு. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. இப்போ சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்குது. கும்பகோணம் வந்தா கட்டாயம் பாருங்க. சின்ன ஓட்டு வீடு, ஒரு திண்ணை.

அப்பா ஜவுளிக்கடையில கணக்கப்பிள்ளை. அம்மா கோமளத்தம்மாள் கோயில்ல பஜனை பாடுறவங்க. பையன் 1897-ல் தொடக்கக் கல்வித் தேர்வுல தஞ்சை ஜில்லாவுக்கே முதல். அடுத்த வருஷம் டவுன் ஹைஸ்கூல். பள்ளி நாட்கள்ல ஒரு கணக்குப் பரீட்சையில இவருக்கு 45-க்கு 42, கூடப் படிச்ச நண்பனுக்கு 43. அந்த ஒரு மார்க்குக்காக அழுதுட்டே அம்மாகிட்ட ஓடினாராம்! ராமானுஜனுக்கே அப்படின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்?

1904-ல் ஸ்கூல் முடிக்கும்போது தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணக்குக்கான பரிசைக் கொடுத்துட்டு, இந்தப் பையனுக்கு முழு மார்க்கும் போதாதுங்குற மாதிரி மேடையில பேசினார். அப்புறம் கும்பகோணம் அரசுக் கல்லூரி, உதவித்தொகையோட. அங்கதான் சறுக்கல். கணக்கைத் தவிர மத்த எதிலயும் மனசு போகலை. உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டுல சொல்லாம விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போயிட்டார். பையனைக் காணோம்னு பத்திரிகையில விளம்பரம் வர அளவுக்கு ஆச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வுல அங்கேயும் இரண்டு தடவை தோல்வி.

காலேஜ் படிப்பு போச்சு. வேலை இல்லை. வீட்டுல காசும் இல்லை. அந்த வருஷங்கள்ல அவர் அந்தத் திண்ணையில உக்காந்து சிலேட்டுல கணக்குப் போட்டுட்டு இருந்தார். காகிதம் வாங்கக் காசு இல்லாததால சிலேட்டு. முழங்கையாலயே அழிப்பாராம். கணக்குல மூழ்கிட்டா சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாராம். வீட்டுல சோத்தை உருட்டி உருட்டிக் கையில வெப்பாங்களாம்.

இந்த இடத்துலதான் நான் நின்னுடுவேன். பின்னாடி 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினது, 1914-ல் கப்பல் ஏறினது, 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனது, டிசம்பர் 22 தேசிய கணித தினம் ஆனது எல்லாம் நமக்குத் தெரியும். ஆனா சோறு உருட்டிக் கொடுத்த அன்னைக்கு அது எதுவும் யாருக்கும் தெரியாது. அன்னைக்கு அவர் பரீட்சையில திரும்பத் திரும்பத் தோத்த, வேலைவெட்டி இல்லாத ஒரு பையன். அவ்வளவுதான். அந்தப் பையனுக்குத்தான் சோறு கிடைச்சுது.

ராமானுஜன் கதையை நாம எப்படிச் சொல்றோம்? "பாரு, ஃபெயில் ஆனவன்தான் மேதை ஆனான்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குள்ளயும் ஒரு கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. பின்னாடி மேதை ஆகுறதா இருந்தா இப்போ ஃபெயில் ஆகிக்கலாம்! மேதை ஆகாத பிள்ளை என்ன பண்ணும்? ஃபெயிலாகி, அப்புறம் சாதாரணமா ஒரு கடை வெச்சு, சாதாரணமா வாழ்ந்துட்டுப் போற பிள்ளைக்கு அந்தச் சோறு உண்டா, இல்லையா?

அதே குடும்பத்துல இன்னொரு பக்கமும் உண்டு. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இருந்த அதே நெருக்கம் பின்னாடி இறுக்கமாவும் ஆச்சு. மாமியார் மருமகள் ஒத்துப் போகலை. மனைவி ஜானகி எழுதின கடிதங்கள் இங்கிலாந்துல இருந்த அவர் கைக்குப் போகாதபடி தடுக்கப்பட்டதா வாழ்க்கை வரலாறு சொல்லுது. வீட்டுச் செய்தி இல்லாம, உடம்பும் கெட்டு, ஒரு கட்டத்துல அவர் உயிரையே விடத் துணிஞ்சுட்டார். நல்லவேளை காப்பாத்திட்டாங்க. ராயல் சொசைட்டி கௌரவம் வந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். உலகமே பாராட்டினாலும், வீட்டுல இருந்து வர வேண்டிய ஒரு காகிதத்தோட இடத்தை அது நிரப்பாது போல.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

நான் இன்ஜினியர், அதனால கொஞ்சம் டேட்டாவும் பார்த்துடலாம்.

1998-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ரெண்டு பேரும் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. புதிர் போட்டு முடிச்சதும் சில பிள்ளைகளை "நீ ரொம்ப புத்திசாலி"ன்னு பாராட்டினாங்க. சிலரை "நல்லா முயற்சி பண்ணினே"ன்னு பாராட்டினாங்க. அப்புறம் கஷ்டமான புதிர் கொடுத்தாங்க, எல்லோரும் சறுக்கினாங்க. அதுக்கப்புறம், புத்திசாலின்னு பாராட்டு வாங்கினவங்கதான் அதிகமா சோர்ந்து போனாங்க. இன்னொரு விஷயம். வேற ஸ்கூல் பிள்ளைக்கு உன் மார்க்கை எழுதுன்னு சொன்னப்போ, அவங்கள்ல ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர் மார்க்கைக் கூட்டி எழுதினாங்க. முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவங்கள்ல அது பத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைதான்.

பொய் சொன்ன பிள்ளைங்க கெட்ட பிள்ளைங்க இல்லை. "புத்திசாலி"ங்குற பேர் கையை விட்டுப் போயிடுமோன்னு பயந்த பிள்ளைங்க. இந்த ஆய்வைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னு கீழே சொல்றேன்.

இன்னொண்ணு. தன்னம்பிக்கையை ஏத்திவிட்டா மார்க் ஏறும்னு அமெரிக்காவுல ரொம்ப காலம் நம்பினாங்க. 2003-ல் ராய் பாமைஸ்டரும் அவர்கூட இருந்தவங்களும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துட்டு, அதுக்குச் சரியான ஆதாரம் இல்லைன்னு எழுதினாங்க. நல்லா படிக்கிற பிள்ளைக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் கூடலாம். ஆனா தன்னம்பிக்கையை ஊதிப் பெருசாக்கினா மார்க் தானா வந்துடாது.

அப்போ அந்த ரோஜாப்பூ ஃபார்வர்ட் கொடுத்த வாக்குறுதியை நம்பி இறங்க முடியாது. எனக்கு என்னவோ அது நல்லதுன்னுதான் தோணுது. மார்க்குக்காகப் பேசுற அப்பாவைப் பிள்ளை ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடும். "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"ன்னு கேக்கும்போதே கண்ணு டெஸ்ட் நோட்டு மேல இருந்தா, அது பேச்சு இல்லை, ஆடிட்.

நெருக்கி நட்டா தூர் கட்டாது

தமிழ்ல நெருக்கம்னு ஒரு சொல், நெருக்கடின்னு ஒரு சொல். ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்தது. எந்தப் புள்ளியில அது இதுவா மாறுதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். பதில் எங்க வயல்ல இருந்துச்சு.

எங்க அப்பா ஒரு வருஷம் ஒற்றை நாற்று நடவு போட்டார். திருந்திய நெல் சாகுபடின்னு சொல்வாங்களே, அது. பதினாலு நாள் இளநாற்று, குத்துக்கு ஒண்ணே ஒண்ணு, 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. நட்டு முடிச்சதும் வயல் காலியா கிடக்குற மாதிரி இருக்கும். பக்கத்து வயல்காரர் வரப்புல நின்னு சிரிச்சார். ஒரு மாசம் போனதும் பார்த்தா ஒவ்வொரு நாத்தும் அப்படித் தூர் கட்டியிருக்கு. அப்பா சொன்னார்: "நெருக்கி நட்டா பாக்க பச்சையா இருக்கும் தம்பி, தூர் கட்டாது. வேருக்கு இடம் வேணும்ல."

ஆனா இடம் விட்டுட்டு அவர் வீட்டுல போய்ப் படுத்துக்கலை. தினமும் காலையில வயலுக்குப் போனார். இடைவெளி விட்டா களையும் வரும், களை எடுக்கணும். தண்ணியைப் பாத்துப் பாத்து வைக்கணும். பாத்துட்டே இருப்பார், ஆனா நாத்தைப் பிடிச்சு மேலே இழுக்க மாட்டார்.

பயிர்கிட்ட இவ்வளவு பொறுமையா இருந்த மனுஷன், மார்க் விஷயத்துல அப்படி இல்லை. மறைக்காம சொல்றேன். 2014-ல் எனக்கு பிளஸ் டூ ரிசல்ட். அத்தை பையன் கட்-ஆஃப் 194, எனக்கு 171.5. அப்பா அடிக்கலை, திட்டலை. ஆனா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கலை. தட்டுல சோறு இருந்துச்சு, கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லை.

"அந்தக் கண்டிப்புலதானேப்பா நீ இன்னைக்கு இன்ஜினியர்?"னு நிறைய பேர் கேப்பாங்க. இருக்கலாம், நான் மறுக்கலை. காலேஜ்ல ஒரு அரியர்கூட வைக்காம முடிச்சேன். பயம் வேலை செய்யும், அது உண்மை. கண்டிப்பே கூடாதுன்னும் நான் சொல்ல வரலை. களை எடுக்காம நெல் வராது. ஆனா அந்த ஒரு வாரத்துல நான் வேற ஒரு பாடமும் படிச்சேன். இந்த வீட்டுக்கு நல்ல செய்தியை மட்டும்தான் கொண்டு வரணும். அந்தப் பாடத்தோட பில் ஒன்பது வருஷம் கழிச்சு வந்துச்சு.

என் படி

2023 ஆரம்பத்துல எனக்கு வேலை போச்சு. அந்த நேரத்துல ஐடியில நிறைய பேருக்குப் போச்சு, ஞாபகம் இருக்கும். ஒரு மீட்டிங், பத்து நிமிஷம், முடிஞ்சுது.

வீட்டுல சொல்லலை.

தினமும் சாயங்காலம் அப்பா போன் பண்ணுவார். "வேலை எப்படிப் போகுது தம்பி?" "நல்லா போகுதுப்பா." மாசா மாசம் அனுப்புற எட்டாயிரத்தை சேமிப்புல இருந்து எடுத்து அனுப்பினேன். ரெண்டரை மாசம். ரூம்ல இருந்தா கூட இருக்கிறவங்க கேப்பாங்கன்னு காலையில பேக் மாட்டிட்டு கிளம்பி லைப்ரரியில போய் உக்காந்திருக்கேன். ஒரு பொய்யைக் காப்பாத்துறது வேலை பாக்குறதை விடக் கஷ்டம். மார்க்கைக் கூட்டி எழுதின அந்த அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு கிருத்திகைக்கு ஊருக்குப் போனேன். அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம். சுவாமிமலையில 60 படி, 60 தமிழ் வருஷங்களுக்கு ஒண்ணு ஒண்ணுன்னு கணக்கு. நான் பிறந்தது ஈஸ்வர வருஷம், வரிசையில பதினொண்ணாவது. சின்ன வயசுல அப்பா கையைப் பிடிச்சு எண்ணிக்கிட்டே கூட்டிட்டுப் போவார். பதினொண்ணு வந்ததும் நின்னு, "இது உன் படி"ன்னு சொல்வார். நான் ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுக் குதிப்பேன்.

சாமி பாத்துட்டு இறங்கும்போது கீழே கிட்ட வந்ததும் அப்பா பழக்க தோஷத்துல நின்னார். "உன் படி தம்பி"ன்னார். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. ஓரமா உக்காந்துட்டேன். "அப்பா, எனக்கு வேலை போயி ரெண்டரை மாசம் ஆச்சு"ன்னு சொல்லிட்டேன்.

அவரும் உக்காந்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. 2014-ல பார்த்த அதே மௌனமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறிச்சு. அப்புறம் அவர் கேட்டது இதுதான்:

"நீ அங்க என்னதான் வேலை பாத்தே தம்பி? இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்லை. எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

சொன்னேன். பேங்க்ல ஒருத்தர் பணம் அனுப்பினா அது சரியான கணக்குக்குப் போய்ச் சேருதான்னு சரிபார்க்குற புரோகிராம். நடுவுல எங்கேயாவது அறுந்தா திரும்ப வர வழி பண்றது. அவர் ஆத்துல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து மடைன்னு தண்ணி கணக்கை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டார். நடுவுல சந்தேகம் கேட்டார். "அப்ப கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா யார் மடையை அடைச்சதுன்னு கண்டுபிடிக்கிற வேலை"ன்னார். அதை விட நல்லா எந்த மேனேஜரும் என் வேலையைச் சொன்னதில்லை.

வேலை ஏன் போச்சுன்னு அவர் கேக்கவே இல்லை. எழுந்துக்கும்போது மட்டும் சொன்னார்: "எட்டாயிரம் எதுக்குடா அனுப்பினே? சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?" குரல் கொஞ்சம் உடைஞ்சுது. பைக் எடுக்கும்போது திரும்பிப் பார்க்காம, "நானும் எஸ்.எஸ்.எல்.சி. ரெண்டு தடவை எழுதினவன்தான், உங்க அம்மாவுக்கே தெரியாது"ன்னார்.

வேலை அப்புறம் நாலு மாசம் கழிச்சுக் கிடைச்சுது. அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. கிடைக்காம இருந்திருந்தாலும் அன்னைக்குப் படியில நடந்தது நடந்ததுதான்.

அதனால...

2017-ல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வு முடிவுல மாநில முதல் இடம், ரெண்டாம் இடம்னு ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்திடுச்சு. அரசாங்கம் நிறுத்தினதை நம்ம குடும்ப குரூப்புகள் இன்னும் நிறுத்தலை. ரிசல்ட் அன்னைக்கு யார் வீட்டுப் பிள்ளை எவ்வளவுன்னு போடுற பழக்கத்தை நம்ம தலைமுறையாவது விடலாமே. அண்ணனா, அக்காவா, மாமாவா, சித்தப்பாவா நமக்கும் அந்தக் குரூப்புல ஒரு குரல் இருக்கு.

வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா, அவங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணை நமக்குச் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்க. கேமா இருக்கட்டும், டைனோசரா இருக்கட்டும். சோதிக்கிறதுக்கு வேண்டாம், நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேளுங்க. கைகட்டி நிக்க வேண்டாம், போனைக் கீழே வெச்சாப் போதும். புகார் வந்த அன்னைக்கு அப்படிக் கேக்க முடிஞ்சா, அதுதான் சுவாமிமலை.

இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இன்னும் படிச்சுட்டு இருக்கிற தம்பி தங்கைகள். உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எல்லா அப்பாவும் படியில உக்கார மாட்டாங்க. சில பேருக்கு ரொம்ப நாள் ஆகும். எங்க அப்பாவுக்கே ஒன்பது வருஷம் ஆச்சு, அதுவும் நான் முதல்ல வாயைத் திறந்ததால. அதனால ஒரு தடவை சொல்லிப் பாருங்க. வீட்டுல கேக்கலைன்னா தாத்தா, அக்கா, ஒரு டீச்சர், யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. தாங்கவே முடியலைன்னா 14416 இலவச மனநல எண். தமிழ்நாட்டுல 104-லயும் ஆலோசனை கிடைக்கும். எந்த நேரத்துலயும் கூப்பிடலாம். அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்லை. ஒரு ரிசல்ட்டுக்காக உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க. கோவிச்சுட்டு மலையேறினவர்தான் நம்ம சாமி. தோத்துட்டோம்னு நினைக்கிற மனசு அவருக்குத் தெரியாதா?

நான் இப்பவும் ஊருக்குப் போனா சுவாமிமலை போறேன். முன்னாடி எல்லாம் "முருகா, அப்ரைசல் நல்லா வரணும்"னு வேண்டுவேன். இப்போ ஒண்ணுதான் கேக்குறேன். நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது கெட்ட செய்தியோட வீட்டுக்கு வர அன்னைக்கு, முதல்ல என்கிட்டதான் சொல்லணும்னு அதுக்குத் தோணணும். அந்த அளவுக்காவது என்னைக் கேக்கத் தெரிஞ்சவனா ஆக்கு, சுவாமிநாதா.

உங்க வீட்டுல யாராவது இன்னைக்கு ஏதோ சொல்ல வந்து, சொல்லாம திரும்பிப் போயிருந்தா, இதை முடிச்சதும் போய் ஒரு தடவை கேளுங்க.

வேலும் மயிலும் துணை!
சுவாமிநாத சுவாமிக்கு அரோகரா! 🙏